உள்ளே மடியாத ரிங்குகள்

சாமு,

அன்புள்ள என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டு வேறு தாள் எடுத்திருக்கலாம். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்று அப்படியே விட்டுவிட்டேன். இன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை நீ ரயில் ஏறுகிறாய். வடக்கே மலையில் பூமி குலுங்கி ஊர் ஊராக விழுந்து கிடக்கிற இடத்துக்குப் போய், அங்கே உள்ள கொத்தனார்களுக்கு விழாத வீடு கட்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கப் போகிறாய். போன வாரம் வரை இந்தச் செய்தியை நான் நிறுத்திவைத்துச் சொல்லாத ஆள் நம் பீர்க்கன்கரணையில் இல்லை. டீக்கடையில் சொன்னேன், சர்ச்சில் சபை நடுவே எழுந்து நின்று சொன்னேன், கண் டாக்டரிடம்கூடச் சொன்னேன். இப்போது அதே தெருவில் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறேன். புதன்கிழமை நம் வீட்டில் நடந்த சண்டைக்குப் பிறகு நீ காட்டாங்குளத்தூரில் உன் நண்பனுடைய அறைக்குப் போய்விட்டாய். போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, மேற்குத் தாம்பரத்தில் நாம் கட்டிய அந்த நான்கு மாடிக் கட்டடத்தின் சாவிகளை வாங்க எட்டுக் குடும்பங்கள் வருகின்றன. சாவி கைமாறுவதற்கு முன்னால் அவர்கள் நடுவில் நின்று இந்தக் கடிதத்தை நான் வாசிக்கப் போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும், தெரியாதவர்களுக்குச் சொல்வது போலவே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே என்று சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்.

நான் கம்பி மேஸ்திரி. பில்லருக்கும் கூரைக்கும் உள்ளே இருக்கிற இரும்பைக் கட்டுவது என் வேலை. பில்லருக்குள் நெட்டுக்குத்தாக நிற்கிற கம்பிகளைச் சுற்றி, கீழிருந்து மேல்வரை நெருக்க நெருக்கமாகச் சதுரக் கம்பிகள் போட்டுக் கட்டுவோம். அதற்குப் பெயர் ரிங். ஒவ்வொரு ரிங்குக்கும் இரண்டு முனை உண்டு. அந்த முனைகள் பில்லரின் நடு நெஞ்சைப் பார்த்து நன்றாக உள்ளே மடிந்திருக்க வேண்டும். பாதி வளைத்து 'எல்' எழுத்து மாதிரி ஓரமாக விட்டுவிட்டால் பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கட்டடம் நிற்கும், பெயின்ட் அடிக்கலாம், பால் காய்ச்சலாம். ஆனால் பூமி ஆடும்போது கான்கிரீட்டின் மேல்தோல் முதலில் உதிரும். தோல் உதிர்ந்தால் அந்த ரிங், பொத்தான் தெறித்த சட்டை மாதிரி திறந்துகொள்ளும். பிறகு உள்ளே நிற்கிற கம்பிகளைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிடும். வாழ்நாளில் ஒரு தடவை வரலாம், வராமலே போகலாம். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் ஒவ்வொரு ரிங்குக்கும் இரண்டு இழுப்பு கூடுதலாக இழுத்து வளைக்கிறோம்.

இது எனக்குப் பிறவியிலேயே தெரிந்த ஞானம் இல்லை. குஜராத்தில் குடியரசு தினத்தன்று பூமி குலுங்கிய அந்த வருடம், வீடுகளைத் திரும்பக் கட்ட ஆட்கள் வேண்டும் என்று நம் சபையில் கேட்டார்கள். நான் கை தூக்கினேன். உன் அம்மா வயிற்றில் நீ இருந்தாய். கட்ச் பகுதியில் மூன்று மாதம் வேலை செய்தேன். அங்கேதான் ஒரு பெண் இன்ஜினியர், விழுந்து கிடந்த பள்ளிக்கூடத்தின் பில்லரைக் காட்டி, திறந்து கிடந்த ரிங்குகளைக் காட்டி, எங்களுக்கு இதைப் புரியவைத்தார். அங்கிருந்து வந்த பிறகு நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். கான்கிரீட் கொட்டப் பலகை அடைப்பதற்கு முன்னால் மேஸ்திரி ஒவ்வொரு பில்லருக்குள்ளும் கையை விட்டு, அடியிலிருந்து மேல்வரை தடவிப் பார்க்க வேண்டும். ரிங்கின் முனை உள்ளங்கையில் குத்த வேண்டும். குத்தினால் சரி. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கை வச்சுப் பாத்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல், பலகை அடைக்கிற சென்ட்ரிங் ஆட்கள் பலகையைத் தொட மாட்டார்கள். உனக்கு நான்கு வயதிருக்கும்போது, என்னோடு வேலை இடத்துக்கு வந்து, உன் குட்டிக் கையைக் கம்பிக்கூட்டுக்குள் விட்டு, "கை வச்சுப் பாத்துட்டேன்" என்று கத்துவாய். செல்வம் சிரித்துக்கொண்டே, "சின்ன மேஸ்திரி சொல்ட்டாரு, பலகையப் போடுங்கடா" என்பான். ஞாபகம் இருக்கிறதா உனக்கு? எனக்கு இந்த மூன்று நாளாக வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை.

அந்த மேற்குத் தாம்பரம் கட்டடத்துக்கு நீ சைட் இன்ஜினியர், நான் கம்பி மேஸ்திரி. என் வாழ்க்கையிலேயே நான் ரொம்பப் பெருமைப்பட்ட வேலை அது. கீழே சுவரே கிடையாது, வண்டி நிறுத்துகிற இடம். பன்னிரண்டு பில்லர்கள்தான் மொத்தப் பாரத்தையும் தாங்க வேண்டும். கட்டட வரைபடத்தில் ரிங் எப்படி மடிய வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அடித்தளம் முடிந்த சமயத்தில் எனக்குக் கண் புரை ஆபரேஷன். ஒரு மாதம் தூசியில் போகக் கூடாது, குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண்ணில் பச்சைத் துணியோடு படுத்திருந்தபோது நீ கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் இருக்கேன்லப்பா, நீங்க தூங்குங்க" என்றாய். ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது. பின்னால் கலவை இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் கேட்டது ஒரே கேள்வி. "எல்லா ரிங்கும் உள்ள மடிஞ்சிருக்காடா?" நீ சொன்ன பதில்: "பன்னெண்டு பில்லரும் கை வச்சுப் பாத்துட்டேன்பா." நான் நிம்மதியாகத் திரும்பிப் படுத்தேன். உன் அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளை தலையெடுத்துவிட்டான் என்று சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து நான் போனபோது கீழ்த்தளம் முடிந்து முதல் மாடிப் பில்லர்களுக்குக் கம்பிக்கூடு மட்டும் நின்றிருந்தது. அங்கிருந்து மேலே எல்லாமே என் கையால் பார்த்தது, அதில் குறை கிடையாது. கீழே இருக்கிற பன்னிரண்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. மொட்டை மாடி போட்ட அன்று மேலே நின்று திருநீர்மலையைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தோமே, அன்று இரண்டாம் மாடியில் வீடு வாங்கியிருக்கிற ரகமத் பாயும் இருந்தார். தாம்பரம் மார்க்கெட்டில் ஏசி ரிப்பேர் கடை வைத்திருப்பவர். என் தோளில் கை போட்டு, "மேஸ்திரி, வேற எடத்துல இதவிட பெரிய வூடு கெடச்சுது. உங்க கை பட்ட கட்டடம்னு தெரிஞ்சுதான் இங்க வந்தேன். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க கீது எனக்கு" என்றார். நீயும் பக்கத்தில்தான் நின்றாய். டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். டீ சூடாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன், பைத்தியக்காரன்.

செவ்வாய்க்கிழமை காலை கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். வாட்ச்மேன் சம்சாரம் தண்ணீர்ப் பானை உருளாமல் இருக்க மூன்று ரிங்குகளைக் கட்டுக்கம்பியால் சேர்த்துக் கட்டி, பானைக்கு அடியில் வைத்திருந்தார். நல்ல யோசனைதான். குனிந்து பார்த்தேன். மெஷினில் வளைத்த ரெடிமேட் ரிங். முனை இரண்டும் 'எல்' மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. நாங்கள் கடையில் ரிங் வாங்குவதே கிடையாது. ஏதம்மா இது என்று கேட்டேன். "கீழ் பில்லர் போட்டப்போ மிஞ்சினது ஐயா. டெம்போ நெறைய கொண்டாந்தாங்க" என்றார். பிளம்பரிடம் உளியும் சுத்தியலும் வாங்கி, படிக்கட்டுப் பக்கம் இருக்கிற மூன்றாவது பில்லரின் மூலையை அடியில் உடைத்தேன். முதல் மூலையில் முனை இல்லை. அடுத்த மூலையில் ஒரு கை அகலம் உடைத்ததும் தெரிந்தது. புதிதாகப் பூசிப் பெயின்ட் அடித்த பில்லருக்குள்ளிருந்து அந்த முனை ஓரமாக எட்டிப் பார்த்தது. விரலை வைத்துத் தள்ளினேன். அது எந்தப் பக்கம் மடிந்திருக்க வேண்டுமோ அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை.

செல்வத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். இருபது வருடமாக என்னோடு இருக்கிறவன். தலையைச் சொறிந்துகொண்டே நின்றான். "இன்னா அண்ணே பண்ண சொல்ற? உன் புள்ளதான் டெம்போல கொண்டாந்து எறக்குச்சு. நாம வளைச்சா ஆறு நாளு ஆவும், தான் டில்லி போவணும், போறதுக்குள்ள கான்கிரீட் போட்டே ஆவணும்னுச்சு. அப்பா கைல சொல்லாத, கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கினு கீறாரு, பேஜார் ஆயிடுவாருன்னுச்சு. ஒம் புள்ள பேச்ச நம்பாம நான் யார் பேச்ச நம்பறது?" என்றான். அவனை என்ன சொல்ல? பத்து மாதம் என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டுக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. அவன் மேலும் எனக்கு வருத்தம்தான். ஆனால் அவன் என் பிள்ளை இல்லை.

டில்லி என்றதும்தான் எனக்கு விளங்கியது. மலையில் பூமி குலுங்கிய செய்தி வந்து, இப்போது உன்னை அனுப்புகிற தொண்டு நிறுவனம் ஆட்களைத் தேர்ந்தெடுக்கப் பத்து நாள் முகாம் நடத்திய சமயம் அது. அந்த முகாமுக்குப் போகத்தான் நீ அவசரப்பட்டிருக்கிறாய். அங்கே இடிந்து கிடக்கிற வீடுகளுக்காகத் துடித்துக்கொண்டு, இங்கே இடியக்கூடிய ஒரு கட்டடத்தைக் கட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. அந்த நிறுவனம் புது ஆட்களைப் பற்றி இணையத்தில் போட்டிருந்ததை அன்று ராத்திரி உன் அம்மா போனில் காட்டினாள். உன் படம். பக்கத்தில் நீ எழுதிக்கொடுத்தது. உன் அப்பா கட்ச்சில் ஏழைகளுக்கு வீடு கட்டியவராம். ஒரு ரிங்கைக்கூட மாற்றி வளைக்காதவராம். கம்பிக்கூட்டுக்குள் கை வைத்துப் பார்க்கிற பழக்கத்தைச் சிறுவயதிலேயே உனக்குக் கொடுத்தவராம். அதைப் படித்துத்தான் உன்னை எடுத்தார்கள் என்று அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். நீ என்னை ஏமாற்றினாய், சரி. ஏமாற்றிய கையோடு என் பெயரையும் எடுத்துச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு போயிருக்கிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் நான் கேட்டதும் நீ மறைக்கவில்லை. அதற்கு ஒரு சின்ன மரியாதை. "எல்லாரும் இப்படித்தாம்பா கட்றாங்க. இங்க என்ன பூகம்பமா வரப்போகுது?" என்றாய். நான் கத்தினேன். நீயும் கத்தினாய். உன் அம்மா நடுவில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "நீங்க மட்டும் கட்ச்ல ஒரு ரிங்கும் தப்பா வளைக்கலையா? சொல்லுங்க பாப்போம்." நான் உன் கண்ணைப் பார்த்து, "இல்ல" என்றேன். நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அது பொய், சாமு.

இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் உன் பொய் மட்டும் இல்லை. கட்ச்சில் எங்கள் வரிசையில் பதினோரு வீடுகள். பத்து வீடுகளுக்கு அந்த இன்ஜினியர் அம்மா சொன்னபடியே வளைத்தேன். கை கொப்புளித்து, உடைந்து, துணி சுற்றிக்கொண்டு வளைத்தேன். நீ கேட்ட கதையெல்லாம் அந்தப் பத்து வீட்டுக் கதை. பதினோராவது வீடு ஜீவிபென் என்கிற அம்மாவுடையது. பென் என்றால் அந்த ஊரில் அக்கா என்று அர்த்தம். கல் வீடு விழுந்ததில் கணவரையும் மூத்த மகளையும் இழந்துவிட்டு, மிச்சமிருந்த ஒரு சின்னப் பெண்ணோடு வெட்டவெளியில் படுத்துக்கொண்டிருந்தவர். தகரக் கொட்டகை கொடுத்திருந்தார்கள். அதற்குள்ளும் படுக்க மாட்டார். தலைக்கு மேல் எது இருந்தாலும் அவருக்குப் பயம். அவருடைய வீட்டுப் பில்லருக்குக் கம்பி கட்ட வேண்டிய நாளில், டெலிபோன் பூத்திலிருந்து ஊருக்குப் பேசினேன். உன் பெரியப்பாதான் எடுத்தார். இன்றோ நாளையோ வலி வரலாம் என்றார். மறுநாள் காலையில் ரயில். கம்பி வேலையை முடிக்காமல் கிளம்பக் கூடாது. சரியாக வளைத்தால் இரண்டு நாள் ஆகும்.

ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டேன். எல்லா முனையையும் 'எல்' மாதிரி விட்டுவிட்டேன். உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்கிற ஆசை. வேறு ஒன்றும் இல்லை. நான்கு மூலைப் பில்லரும் நின்றன. பலகை அடைக்கிற நேரத்துக்கு இன்ஜினியர் அம்மா வேறு ஊரிலிருந்து வந்து இறங்கினார். மூன்று மாதமாக என் வேலையைப் பார்த்தவர். டார்ச் எடுத்துப் பார்க்கவில்லை. கையைக் கம்பிக்கூட்டுக்குள் விடுவது போலக் காட்டி, சைகையிலேயே பார்த்தாயா என்று கேட்டார். நான் தலையாட்டி, "தேக் லியா மேடம்" என்றேன். பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். நீ எனக்குப் போனில் சொன்ன அதே வார்த்தை. நான் முதலில் சொன்னது இந்தியில், பொய்யாக. அந்தக் குற்றவுணர்ச்சியில்தான் ஊருக்கு வந்து அதை ஒரு வழக்கமாகவே ஆக்கினேன். தினமும் உண்மையாகச் சொல்லிச் சொல்லி அந்த ஒரு தடவையை அழித்துவிடலாம் என்று நினைத்தேன். அது அழியவில்லை.

கிளம்பும்போது ஜீவிபென் வந்தார். எனக்குக் குழந்தை பிறக்கப் போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பழைய சேலைத் துண்டுகளை அடுக்கித் தைத்து, ஓரத்தில் சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகள் வைத்த ஒரு விரிப்பை என் கையில் கொடுத்தார். பிறகு பில்லர்மேல் அடித்திருந்த பலகையைத் தட்டி ஏதோ கேட்டார். உடன் இருந்த பையன் அரைகுறை இந்தியிலும் சைகையிலும் சொன்னதில், இது விழாதே என்று கேட்கிறார் என்று புரிந்தது. வீடு முடிந்ததும் குழந்தையோடு உள்ளேதான் படுப்பாராம், நான் விழாது என்று சொன்னால். நான் விழாது என்று தலையாட்டினேன். அவர் என் தலைமேல் கை வைத்தார். அந்த விரிப்பை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். வழியில் ரயில் தாமதமாகி, நான் வந்து சேர்ந்தபோது நீ பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவ்வளவு பெரிய பாவத்தைச் செய்தும் நான் நேரத்துக்கு வரவில்லை. உன்னை அந்த விரிப்பில்தான் கிடத்தினோம். கண்ணாடிச் சில்லில் வெயில் பட்டால் நீ சிரிப்பாய். எல்லோரும் ரசிப்பார்கள், நான் எழுந்து வெளியே போய்விடுவேன். இன்றுவரை கட்ச்சில் லேசாக நில அதிர்வு என்று டிவியில் ஒரு வரி ஓடினாலும் எனக்குச் சோறு இறங்காது. ஒரு கடிதம்கூட அந்த அம்மாவுக்குப் போட்டதில்லை.

ஆகவே நான் யோக்கியன், நீ அயோக்கியன் என்று இந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. உன் மேல் இருக்கிற கோபம் இதனால் குறைந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை, கொஞ்சம்கூடக் குறையவில்லை. நீ என்னை நம்பவைத்து ஏமாற்றினாய். ஆனால் நான் உனக்குக் கொடுத்த கதையே பதினோராவது வீட்டை வெட்டி எடுத்த கதை. அந்த வீட்டையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், டெம்போவில் ரிங் வந்து இறங்கிய அன்று நீ அதைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. சொல்லியிருக்க வேண்டியது என் கடமை, சொல்லவில்லை.

நேற்று பில்டரிடம் போனேன். காபி கொடுத்து உட்காரவைத்து, "மேஸ்திரி, பூசி பெயின்ட்டும் அடிச்சாச்சு. யாருக்குத் தெரியப் போகுது? உங்க பையன் எவ்வளவு பெரிய சேவைக்குப் போறான், இந்த நேரத்துல அவன் பேர நீங்களே கெடுப்பீங்களா?" என்றார். உன் சேவையைக் காட்டியே என் வாயை அடைக்கப் பார்த்தார். காபியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கட்டடத்தை இடிக்க வேண்டியதில்லை. விவரம் தெரிந்த வேறு இன்ஜினியர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்லட்டும். ஒவ்வொரு பில்லரையும் சுற்றிப் புதிதாகக் கம்பி கட்டி, கான்கிரீட் போர்த்தித் தடிப்பாக்கலாம். கட்ச்சில் நிற்கிற கட்டடங்களுக்கு அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று மாதம் ஆகும். அந்தக் குடும்பங்கள் அதுவரை வாடகை வீட்டில் இருக்க வேண்டும். என்னைத் திட்டுவார்கள். ரகமத் பாய் என் முகத்தைப் பார்க்க மாட்டார். பார்க்க வேண்டாம். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அந்தப் பன்னிரண்டு பில்லருக்கு மேலே படுத்துத் தூங்குவதற்கு முன்னால் அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். போர்த்துகிற கம்பி வேலை முழுக்க நான் செய்வேன். செல்வமும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

நீ ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். நீ வராவிட்டாலும் வாசிப்பேன். ஆனால் நீ வர வேண்டும். நான் வாசித்து முடித்ததும் எந்த ரிங், எந்தக் கடை, எத்தனை பில்லர் என்று உன் வாயாலேயே அவர்களுக்குச் சொல்ல வேண்டும். உடைத்த இடத்தை நான் மூடவில்லை. அந்த நிறுவனத்துக்கும் நீயே சொல். சொன்ன பிறகும் உன்னை அனுப்பினால் தலை நிமிர்ந்து போ. அங்கே இருக்கிற கொத்தனார்களுக்கு ரிங் எப்படி வளைப்பது என்று சொல்வதோடு, அவசரத்தில் ஒருவன் எப்படி அதை மாற்றி வளைப்பான் என்றும் உன்னால் சொல்ல முடியும். அனுப்பாவிட்டால் வீட்டுக்கு வா. உன் அம்மா இரண்டு நாளாக ராத்திரிச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இன்னும் ஒன்று. நல்லது நடக்கும் என்று உன் அம்மா அந்தக் கண்ணாடி விரிப்பை உன் பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்தாள். அதை எடுத்துவிட்டேன். அது உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. மேற்குத் தாம்பரம் வேலை முடிந்ததும் நான் கட்ச்சுக்குப் போகிறேன். ஊர் ஞாபகம் இருக்கிறது, வரிசையில் கடைசி வீடு. ஜீவிபென் இருந்தால் அவர் கையில், இல்லாவிட்டால் அந்தச் சின்னப் பெண் கையில், அந்த விரிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூலைப் பில்லரை உடைத்துக் காட்டிவிட்டு, அதைச் சரிசெய்து தரட்டுமா என்று கேட்கப் போகிறேன். எனக்குப் பேசத் தெரிந்த இந்தியெல்லாம் அன்று சொன்ன அந்த இரண்டு வார்த்தைதான். நீ ஆறு மாதமாக இந்தி படிக்கிறாய். 'உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன் அக்கா' என்பதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில், தமிழ் எழுத்தில், ஞாயிற்றுக்கிழமை வரும்போது எழுதிக்கொண்டு வா.

அப்பா